2022–23 அகில அயர்லாந்து கேலிக் கால்பந்து கிளப் சாம்பியன்ஷிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 ஜனவரி 22 அன்று டப்ளின் நகரின் குரோக் பார்க் அரங்கில் கில்மகட் குரோக்ஸ் அணி கிளென் அணியை இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வென்றது. ஆனால், கடைசி நிமிடத்தில் களத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்ற கேள்வி எழுந்ததால், யார் சாம்பியன் என்பது பல நாள்கள் முடிவாகாமலே இருந்தது. அந்தப் பருவத்தைப் பற்றியும், அதைப் புரிந்துகொள்ளத் தேவையான அடிப்படைச் செய்திகளைப் பற்றியும் வாசகர்கள் பொதுவாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

இது எந்தப் போட்டி? யார் நடத்துகிறார்கள்?

அயர்லாந்துத் தீவு முழுவதிலும் உள்ள கேலிக் கால்பந்து கிளப்புகளில் தலைசிறந்தது எது என்பதைத் தீர்மானிக்கும் போட்டி இது. 1884-இல் தொடங்கப்பட்ட கேலிக் தடகளச் சங்கம் இதை நடத்துகிறது. முதல் போட்டி 1970–71 பருவத்தில் நடந்தது. கொரோனா காரணமாக 2020–21 பருவம் கைவிடப்பட்டது. மற்றபடி ஆண்டுதோறும் தடையின்றி நடந்துவருகிறது. வட அயர்லாந்து பிரிட்டனின் ஆட்சியில் இருந்தாலும் சங்கத்தின் கணக்கில் அந்த எல்லைக்கோடு கிடையாது. நம் மாவட்டங்களைப் போன்ற தீவின் 32 கவுண்டிகளும் ஒரே அமைப்பின் கீழ் ஆடுகின்றன. 2023 இறுதி ஆட்டத்தில் மோதிய இரு அணிகளுள் ஒன்று அயர்லாந்துக் குடியரசின் தலைநகரைச் சேர்ந்தது. மற்றொன்று வட அயர்லாந்தின் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தது.

வெற்றிக் கோப்பைக்கு ஆண்டி மெரிகன் கோப்பை என்று பெயர். வெக்ஸ்ஃபோர்டு கவுண்டியின் காசில்டவுன் கிளப்புக்காக ஆடி, இளம் வயதிலேயே விபத்தில் உயிரிழந்த வீரரின் நினைவாக அப்பெயர் வைக்கப்பட்டது.

ஆட்டம் எப்படி ஆடப்படுகிறது? 1-11 என்றால் என்ன?

ஓர் அணிக்கு 15 பேர். இந்தப் பக்கத்தில் பேசப்படும் சர்ச்சை முழுவதும் இந்த எண்ணைச் சுற்றியே நடப்பதால் இதை மறக்க வேண்டாம். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் நான்கு அடிக்கு மேல் எடுத்து வைப்பதற்குள் அதைத் தரையில் ஒரு முறை தட்ட வேண்டும், அல்லது காலால் தட்டி மீண்டும் கைக்கே வரவழைக்க வேண்டும். கூட்டாளிக்குப் பந்தைக் காலால் உதைத்தோ கையால் தட்டியோ குத்தியோ கொடுக்கலாம். எறிந்து கொடுக்கக் கூடாது.

கோல்கம்பங்கள் ஆங்கில எழுத்தான எச் வடிவில் நிற்கும். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல். அதற்கு மூன்று புள்ளிகள். சட்டத்துக்கு மேலே இரு கம்பங்களுக்கு நடுவே போனால் ஒரு புள்ளி. முதல் எண் கோல்களையும் இரண்டாவது எண் தனிப்புள்ளிகளையும் குறிக்கும். ஆகவே 1-11 என்பது ஒரு கோலும் பதினொரு புள்ளிகளும் சேர்ந்து 14. 1-9 என்பது 12. 2023 இறுதி ஆட்டத்தின் முடிவு இதுதான்: கில்மகட் குரோக்ஸ் 1-11, கிளென் 1-9. இரண்டு புள்ளிகள் பின்தங்கிய அணிக்கு ஒரே ஒரு கோல் கிடைத்தாலும் ஆட்டம் கைமாறிவிடும் என்பதை இந்தக் கணக்கிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

வீரர்களுக்குச் சம்பளம் உண்டா?

கிடையாது. தம் கவுண்டியின் கிளப்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, கவுண்டி அணிக்காக எண்பதாயிரம் பேர் முன்னிலையில் ஆடுபவரும் மறுநாள் காலையில் பள்ளியில் பாடம் நடத்துவார், அல்லது வங்கியில் அமர்ந்திருப்பார். கிளப் என்பது வீரர் விலை பேசிச் சேரும் நிறுவனம் அன்று. பெரும்பாலும் அவர் பிறந்து வளர்ந்த ஊரின் கிளப். தந்தை ஆடிய அணியில் மகன் ஆடுவான்; அண்ணன் தம்பிகள் மூவர், நால்வர் ஒரே அணியில் நிற்பதும் வழக்கமானதே. கிளப் மாறுவது இயலாத காரியமல்ல. ஆனால் அதற்குத் தகுந்த காரணமும் சங்கத்தின் ஒப்புதலும் தேவை. இதனால்தான் கவுண்டிப் போட்டியை விடக் கிளப் போட்டியில் வெற்றியும் தோல்வியும் ஆழமாகப் பதிகின்றன என்று நான் கருதுகிறேன். தோற்றவர்கள் மறுநாள் கடைத்தெருவில் சந்திக்க வேண்டியதும் அதே ஊர் மக்களைத்தான்.

ஒரு கிளப் இறுதி ஆட்டம் வரை எப்படி வந்து சேர்கிறது?

முதலில் தன் கவுண்டியில் சாம்பியனாக வேண்டும். பிறகு தன் மாகாணத்தில், அதாவது அல்ஸ்டர், லென்ஸ்டர், மன்ஸ்டர், கானாக்ட் ஆகிய நான்கில் ஒன்றில், மற்றக் கவுண்டிகளின் சாம்பியன்களை வெல்ல வேண்டும். நான்கு மாகாண சாம்பியன்களும் அரையிறுதியில் மோதுவார்கள். இடையில் ஒரு தோல்வி நேர்ந்தால் அத்துடன் அந்தப் பருவம் முடிந்துவிடும். புள்ளிப்பட்டியலும் இரண்டாவது வாய்ப்பும் மாகாண, தேசியக் கட்டங்களில் இல்லை.

இறுதி ஆட்டம் முன்பு புனித பேட்ரிக் நாளில் நடந்ததே, ஏன் ஜனவரிக்கு மாறியது?

பல பத்தாண்டுகளாக மார்ச் 17 அன்றுதான் கிளப் இறுதி ஆட்டம் நடந்தது. அந்த நாளுக்கு ஒரு பொலிவு இருந்தது உண்மை. ஆனால், இலையுதிர் காலத்தில் மாகாணத்தை வென்ற அணி குளிர்காலம் முழுவதும் காத்திருந்து, அதன் பிறகு ஆட வேண்டியிருந்தது. அதே வீரர்களைக் கவுண்டி அணியும் அழைத்துக்கொண்டிருந்தது. எனவே 2020 முதல் இறுதி ஆட்டத்தை ஜனவரிக்குக் கொண்டுவந்தார்கள். 2022-இல் ஆண்டையே இரண்டாகப் பிரித்தார்கள்: கவுண்டிப் போட்டிகள் ஜூலையில் முடிந்துவிடும், அதன் பிறகு ஆண்டு இறுதி வரை கிளப்புகளின் காலம். 2022 ஜூலை 24 அன்று கெர்ரி அணி கால்வே அணியை வென்று அகில அயர்லாந்துக் கவுண்டிப் பட்டத்தைப் பெற்றதும் வீரர்கள் தத்தம் ஊருக்குத் திரும்பினார்கள். நாம் பேசும் கிளப் பருவம் அங்கிருந்துதான் சூடுபிடித்தது.

அந்தப் பருவத்தின் நான்கு மாகாண சாம்பியன்கள் யார்?

அல்ஸ்டரில் டெர்ரி கவுண்டியின் கிளென். லென்ஸ்டரில் டப்ளினின் கில்மகட் குரோக்ஸ். மன்ஸ்டரில் கெர்ரி கவுண்டியின் டிரலீ நகரைச் சேர்ந்த கெரின்ஸ் ஓராஹிலிஸ். கானாக்டில் கால்வே கவுண்டியின் மொய்கல்லன். இவற்றுள் குரோக்ஸ் தவிர மற்ற மூன்றும் முதல் முறையாக மாகாணப் பட்டம் பெற்றவை.

லென்ஸ்டர் இறுதியில் குரோக்ஸ் அணி வெஸ்ட்மீத் கவுண்டியின் தி டவுன்ஸ் அணியை வென்றது. மன்ஸ்டரில் ஓராஹிலிஸ் அணி லிமரிக்கின் நியூகாசில் வெஸ்ட் அணியையும், கானாக்டில் மொய்கல்லன் அணி ஸ்லைகோவின் டூர்லஸ்ட்ரேன் அணியையும் வென்றன. அல்ஸ்டரில் கிளென் வென்றதோ நடப்புச் சாம்பியனான கில்கூ அணியை. டவுன் கவுண்டியின் மோர்ன் மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர் கில்கூ; தங்கள் பட்டத்தைக் காக்கப் பிடிவாதமாக ஆடும் அணி. அவர்களை 2022 டிசம்பரில் வீழ்த்திய பிறகுதான் வெளியூர்க்காரர்கள் கிளென் அணியை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

2023 ஜனவரித் தொடக்கத்தில் நடந்த அரையிறுதிகளில் கிளென் மொய்கல்லனையும், குரோக்ஸ் ஓராஹிலிஸையும் வென்றன.

கெர்ரியின் சாம்பியன் கிழக்குக் கெர்ரி அல்லவா? அப்படியிருக்க ஓராஹிலிஸ் எப்படி வந்தார்கள்?

கெர்ரியில் தனிக் கிளப்புகளோடு, சிறு கிளப்புகள் பல சேர்ந்து அமைக்கும் வட்டார அணிகளும் கவுண்டிப் போட்டியில் ஆடும். கிழக்குக் கெர்ரி அத்தகைய வட்டார அணி; 2022 கவுண்டிப் பட்டம் அவர்களுக்கே கிடைத்தது. ஆனால், வட்டார அணிகள் இன்று மாகாணக் கிளப் போட்டிக்குப் போக முடியாது. கெர்ரியின் தனிக் கிளப்புகளுக்குள் நடக்கும் போட்டியில் வென்றவர்கள் ஓராஹிலிஸ் என்பதால் கவுண்டியின் இடம் அவர்களுக்கு வந்தது. கெர்ரி அணிக்காக நெடுங்காலம் ஆடிய டேவிட் மோரனும் டாமி வால்ஷும் இந்தக் கிளப்பைச் சேர்ந்தவர்கள். 1971-இல் முதல் அகில அயர்லாந்துக் கிளப் பட்டத்தை வென்றதே கிழக்குக் கெர்ரிதான் என்பதையும் குறிப்பிட வேண்டும். விதி அப்போது வேறு.

கில்மகட் குரோக்ஸ் எத்தகைய கிளப்?

தெற்கு டப்ளினில் ஸ்டில்லோர்கன் பகுதியைச் சேர்ந்த, உறுப்பினர்களை ஆயிரக்கணக்கில் கொண்ட மிகப்பெரிய கிளப். 1995, 2009 ஆண்டுகளில் அகில அயர்லாந்துப் பட்டம் வென்றவர்கள். கால்பந்து மட்டுமல்லாமல் மட்டையால் ஆடும் ஹர்லிங் ஆட்டத்திலும் முன்னணியில் இருப்பவர்கள்.

2023-ஐப் புரிந்துகொள்ள இவர்களுடைய 2022-ஐத் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 பிப்ரவரி 12 அன்று நடந்த முந்தைய பருவத்தின் இறுதி ஆட்டத்தில் கில்கூ அணியிடம் 2-8 எதிர் 0-13 என்ற கணக்கில், அதாவது ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் ஜெரோம் ஜான்ஸ்டன் அடித்த கோல் அவர்கள் கைக்கு எட்டியிருந்த கோப்பையைப் பறித்துக்கொண்டது. ராபி பிரென்னன் பயிற்றுவித்த அதே அணி ஓராண்டுக்குள் டப்ளினையும் லென்ஸ்டரையும் மீண்டும் வென்று அதே அரங்குக்குத் திரும்பியது. அத்தகைய தோல்விக்குப் பிறகு, ஊதியம் எதுவும் இல்லாத வீரர்கள் இருளிலும் மழையிலும் மறுபடி பயிற்சிக்கு வந்து நிற்பது எளிதல்ல. பின்னால் வந்த சர்ச்சையில் இந்த உழைப்பு பேசப்படாமலே போனது எனக்கு வருத்தம்.

ஷேன் வால்ஷ் சேர்ந்ததைப் பற்றி ஏன் அவ்வளவு பேச்சு?

2022 கவுண்டி இறுதி ஆட்டத்தில் கால்வே தோற்றாலும், அந்த அணியின் ஷேன் வால்ஷ் மட்டும் தனியாக ஒன்பது புள்ளிகள் எடுத்தார். இரு காலாலும் ஒரே திறமையோடு உதைக்கக்கூடியவர். அந்த ஆட்டம் முடிந்த கையோடு அவர் தம் சொந்தக் கிளப்பான கில்கெரின்-குளோன்பெர்னிலிருந்து குரோக்ஸுக்கு மாற விண்ணப்பித்தார். டப்ளினில் வாழ்ந்துகொண்டு, நாட்டின் மறுபக்கம் உள்ள ஊருக்குப் பயிற்சிக்காகப் போய் வருவது கடினம் என்பது காரணம். ஊர்க் கிளப்புக்கு இதில் விருப்பமில்லை. நீண்ட இழுபறிக்குப் பிறகே மாற்றம் உறுதியானது.

விதிப்படி அவர் செய்தது சரி. ஆனாலும், ஏற்கெனவே பால் மேனியன் போன்ற டப்ளின் நட்சத்திரங்கள் உள்ள பெரிய கிளப், ஒரு சிற்றூரின் ஆகச் சிறந்த வீரரையும் பெற்றுக்கொண்டது பலருக்கு உறுத்தலாக இருந்தது. வேலைக்காக மேற்கிலிருந்து டப்ளினுக்கு இளைஞர்கள் குடிபெயர்ந்துகொண்டே இருக்கும் நாட்டில் இது ஒரு தனிமனிதரின் பிரச்சினை அன்று. ஊர்க் கிளப் என்ற ஏற்பாடே, மக்கள் பிறந்த ஊரிலேயே வாழ்வார்கள் என்ற நம்பிக்கையின் மீது கட்டப்பட்டது; அந்த நம்பிக்கை தளரும் இடத்தில் இத்தகைய விண்ணப்பங்கள் வரத்தான் செய்யும்.

கிளென் அணியின் பின்னணி என்ன?

முழுப்பெயர் வாட்டி கிரஹாம்ஸ் கிளென். டெர்ரி கவுண்டியின் மஹரா என்ற சிற்றூரைச் சேர்ந்தது, 1948-இல் தொடங்கப்பட்டது. வாட்டி கிரஹாம் என்பவர் 1798 கிளர்ச்சியில் பங்கெடுத்து மரண தண்டனை பெற்ற உள்ளூர்க்காரர்.

இந்தக் கிளப் டெர்ரி கவுண்டிப் பட்டத்தையே முதன்முதலாக 2021-இல்தான் வென்றது. பக்கத்து ஊரான ஸ்லாட்னீல் கவுண்டியையும் அல்ஸ்டரையும் வென்று, 2015, 2017 ஆண்டுகளில் அகில அயர்லாந்து இறுதி வரை போய் வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர் இது. இளைஞர் பிரிவுகளில் வரிசையாக வெற்றி பெற்ற ஒரு தலைமுறை வளர்ந்து வந்தபோது, ஃபெர்மனா, மோனகன் கவுண்டி அணிகளைப் பயிற்றுவித்து அனுபவம் பெற்ற மாலகி ஓரூர்க் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். நடுக்களத்தில் கோனர் கிளாஸ். ஆஸ்திரேலியாவில் ஹாத்தார்ன் அணிக்காகத் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்து 2020-இல் ஊர் திரும்பியவர். முதல் கவுண்டிப் பட்டத்திலிருந்து அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்துக்கு வர இவர்களுக்கு இரண்டே பருவங்கள் பிடித்தன.

இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் என்னதான் நடந்தது?

கூடுதல் நேரமாகச் சேர்க்கப்பட்ட நிமிடங்களும் முடியும் நிலையில் குரோக்ஸ் இரண்டு புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. கிளென் அணிக்கு 45 மீட்டர் உதை கிடைத்தது. தடுப்பாளர் மேல் பட்டுப் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் எதிரணிக்குக் கிடைக்கும் உதை அது. ஒரு புள்ளியால் பயனில்லை, கோல்தான் வேண்டும் என்பதால் கிளென் வீரர்கள் அனைவரும் கோல்கம்பத்தின் முன் திரண்டார்கள்.

அந்த இடைவெளியில் குரோக்ஸ் இரண்டு மாற்று ஆட்டக்காரர்களை உள்ளே அனுப்பியது. மாற்றம் செய்யும்போது யாருக்குப் பதில் யார் என்று எழுதிய சீட்டை அலுவலரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவது முறை. புதியவர்கள் இருவரும் களத்துக்குள் வந்துவிட்டார்கள். வெளியேற வேண்டிய இருவரில் ஒருவர் கோல்கோட்டின் மீதே தடுப்பில் நின்றுகொண்டிருந்தார். மற்றவர் தொலைவில், இன்னும் களத்தைக் கடந்து முடிக்கவில்லை. நடுவர் உதைக்க அனுமதி தந்தார். பந்து திரளுக்குள் வந்து விழுந்தது, கோல் விழவில்லை, சற்று நேரத்தில் ஆட்டம் முடிந்தது. உதை அடிக்கப்பட்ட நொடியில் குரோக்ஸ் அணியில் 17 பேர் களத்தில் இருந்ததைத் தொலைக்காட்சிப் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்கள் எண்ணிக் காட்டினார்கள்.

கோப்பை குரோக்ஸிடம் வழங்கப்பட்டது. படம் இணையத்தில் பரவத் தொடங்கியது.

வேண்டுமென்றே செய்தார்களா?

அப்படிக் கருத எந்த ஆதாரமும் இல்லை. அரங்கு முழுவதும் இரைச்சல். தன் பெயர் மாற்றத்தில் வந்திருக்கிறது என்பதே கோல்கோட்டில் நின்றவருக்குப் புரிந்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் விதிக்கு நோக்கம் முக்கியமல்ல, எண்ணிக்கைதான் முக்கியம். கோல் ஒன்றே வேண்டும் என்ற நிலையில், கோல்கோட்டில் கூடுதலாக ஒருவர் நிற்பது சிறு விஷயம் என்றும் ஒதுக்க முடியாது.

விதி என்ன சொன்னது?

அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்டக்காரர்களைக் களத்தில் வைத்திருந்த அணி மீதான முறையீடு நிரூபிக்கப்பட்டால், சூழ்நிலையைப் பொறுத்து மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: ஆட்டத்தை எதிரணிக்குக் கொடுப்பது, மறு ஆட்டம் நடத்துவது, அபராதம் விதிப்பது. அபராதத்துக்கும் பட்டத்தையே பறிப்பதற்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்று பாருங்கள். இவ்வளவு அகன்ற விதி எந்தக் குழுவுக்கும் வழிகாட்டாது. முடிவெடுக்கும் சுமையை மட்டுமே கொடுக்கும்.

சங்கமே உடனடியாக ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?

இந்தப் பருவம் குறித்து எனக்குள்ள குறை இதுதான். தவறு நடந்தது சங்கத்தின் சொந்த அரங்கில், சங்கம் நியமித்த அலுவலர்கள் முன்னிலையில், நாடு முழுவதும் பார்த்த ஒளிபரப்பில். இருந்தும், தோற்ற கிளப் எழுத்து மூலம் முறையிட்டால்தான் மேற்கொண்டு பேச்சு என்ற நிலை உருவானது. கிளென் முறையிட்டால் "தோல்வியை ஏற்கத் தெரியாதவர்கள்" என்ற பேச்சைச் சுமக்க வேண்டும். முறையிடாவிட்டால் தம் வீரர்களின் ஓராண்டு உழைப்புக்குத் தாமே துரோகம் செய்ததாகும். மஹரா போன்ற ஊரின் தன்னார்வ நிர்வாகிகள் தலையில் இந்தத் தேர்வைச் சுமத்தியது நியாயமல்ல.

கிளென் இரண்டொரு நாளில் முறையீட்டைச் சமர்ப்பித்தது. விசாரித்த மத்தியப் போட்டிக் கட்டுப்பாட்டுக் குழு மறு ஆட்டம் நடத்த ஆணையிட்டது.

அப்படியானால் மறு ஆட்டம் ஏன் நடக்கவில்லை?

குரோக்ஸ் அந்த ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. அந்த நடைமுறை முடிவதற்கு முன்பே, தாங்கள் இந்த விவகாரத்தை மேற்கொண்டு தொடரப்போவதில்லை என்று கிளென் அறிவித்தது. களத்தில் கிடைத்த முடிவே நிலைத்தது. கில்மகட் குரோக்ஸ் மூன்றாவது முறையாகச் சாம்பியன் ஆனது.

அதற்குள் கவுண்டிகளுக்கான தேசிய லீக் தொடங்கிவிட்டது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கிளென் வீரர்கள் பலர் டெர்ரி அணியில் இருந்தவர்கள். குரோக்ஸ் வீரர்களுக்கு டப்ளின், கால்வே அணிகளின் அழைப்பு இருந்தது. மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடு என்று போனால், ஒரு ஆட்டத்துக்காக எத்தனை வாரங்கள் தயார்நிலையில் நிற்பது? அந்நிலையில் கிளென் விலகியதைத் தோல்வியாகவோ பெருந்தன்மையாகவோ மட்டும் பார்ப்பதை விட, அவர்களுக்கு வேறு வழி விடப்படவில்லை என்று பார்ப்பதே பொருந்தும்.

குரோக்ஸின் பட்டம் செல்லத்தக்கதா?

ஆம். பதிவேட்டிலும் அப்படித்தான் உள்ளது. என் கருத்தும் அதுவே. கடைசி உதைக்கு முன்பு ஏறத்தாழ அறுபது நிமிடங்களில் அவர்கள் எடுத்த முன்னிலை பதினைந்து பேரால் எடுத்தது. அந்த ஒரு நொடியில் 15 பேர் மட்டுமே நின்றிருந்தால் கோல் விழுந்திருக்குமா என்பதற்கு யாரிடமும் விடை இல்லை. ஆனால், கிளென் கேட்டதும் சலுகை அன்று. எல்லா அணிகளுக்கும் பொதுவான எண்ணிக்கையைத்தான் கேட்டார்கள். இரண்டு அணிகளும் தவறு செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய தவறு அந்த உதையை அனுமதிக்கும் முன் தலைகளை எண்ணாததும், எண்ணாமல் விட்ட பிறகு பொறுப்பேற்காததும் என்றே சொல்வேன்.

இதற்கு முன்பு இப்படி நடந்ததுண்டா?

இரண்டு நிகழ்வுகளை அயர்லாந்தில் இன்றும் நினைவுகூர்கிறார்கள். 1998-இல் கிளேர், ஆஃபலி கவுண்டிகள் மோதிய ஹர்லிங் அரையிறுதியில் நடுவர் ஏறத்தாழ இரண்டு நிமிடம் முன்னதாகவே ஆட்டத்தை முடித்துவிட்டார். பின்தங்கியிருந்த ஆஃபலியின் ஆதரவாளர்கள் குரோக் பார்க் களத்தில் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். சங்கம் மறு ஆட்டத்துக்கு ஆணையிட்டது. அதில் ஆஃபலி வென்று, அந்த ஆண்டின் பட்டத்தையும் பெற்றது.

2010 லென்ஸ்டர் கால்பந்து இறுதியில் நேர்ந்தது வேறு. லவுத் அணி பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மாகாணப் பட்டத்தை நெருங்கியிருந்தபோது, கடைசி நிமிடத்தில் மீத் வீரர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே கோட்டைத் தாண்டினார். நடுவர் அதைக் கோல் என்று ஏற்றார். தவறு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் மறு ஆட்டத்தை மீத் முன்வந்து அளித்தால்தான் உண்டு என்ற நிலை ஏற்பட்டது, மீத் அளிக்கவில்லை. 2010-இல் வென்ற அணியின் தலையிலும், 2023-இல் தோற்ற அணியின் தலையிலும் பொறுப்பு போய் விழுந்தது. 1998-இல் போலச் சங்கம் தானே ஏற்றபோதுதான் விவகாரம் ஓரளவு சுமுகமாக முடிந்தது.

அதே பருவத்தின் மற்றப் பிரிவுகளில் யார் வென்றார்கள்?

சீனியர் பிரிவுக்குக் கீழே இடைநிலை, ஜூனியர் என்று இரு பிரிவுகள் உள்ளன. இவை கிளப்பின் தரத்தைக் குறிப்பவை, வயதை அல்ல. 2023 ஜனவரியில் இரண்டையும் கெர்ரி கிளப்புகளே வென்றன: இடைநிலையில் ராத்மோர், ஜூனியரில் ஃபாசா. நாட்டின் தலைசிறந்த கால்பந்து வீரராக அப்போது கருதப்பட்ட டேவிட் கிளிஃபர்டும் அவருடைய அண்ணன் பாடியும் ஃபாசா ஊர்க்காரர்கள். அத்தகைய வீரர் மூன்றாம் தரக் கிளப்புக்காக ஆடுவது வேறு விளையாட்டுகளின் ரசிகர்களுக்கு வியப்பாக இருக்கும். அவர் பிறந்த ஊர் ஃபாசா. ஆகவே ஆடுவது ஃபாசாவுக்கு.

அடுத்த பருவத்தில் இவ்விரு அணிகளும் என்ன ஆயின?

இரண்டும் மீண்டும் தத்தம் மாகாணங்களை வென்றன. 2024 ஜனவரியில் நியூரி நகரில் நடந்த அரையிறுதியில் நேருக்கு நேர் மோதின. இம்முறை வென்றது கிளென். பிறகு 2024 ஜனவரி 21 அன்று குரோக் பார்க்கில் ராஸ்காமன் கவுண்டியின் செயின்ட் பிரிஜிட்ஸ் அணியை 2-10 எதிர் 1-12 என்று ஒரே புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தி, ஆண்டி மெரிகன் கோப்பையை முதன்முதலாக மஹராவுக்கு எடுத்துச் சென்றார்கள்.

அதிகமுறை பட்டம் வென்ற கிளப் எது?

கார்க் நகரின் நீமோ ரேஞ்சர்ஸ், ஏழு முறை. அர்மா கவுண்டியின் கிராஸ்மகிளென் ஆறு முறை. கால்வேயின் கோரஃபின் ஐந்து முறை வென்றது. 2018, 2019, 2020 என்று தொடர்ந்து மூன்று முறை வென்ற முதல் கிளப்பும் அதுவே.

இன்று புதிதாக ஆட்டம் பார்ப்பவர் 2023 பதிவைப் பார்த்தால் விதிகள் ஒன்றாக இருக்குமா?

முழுவதும் ஒன்றாக இராது. 2025 முதல் பல புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. கோலிலிருந்து 40 மீட்டர் தொலைவில் வரையப்பட்ட வளைவுக்கு வெளியிலிருந்து உதைத்துச் சட்டத்துக்கு மேல் அனுப்பினால் இப்போது இரண்டு புள்ளிகள். ஒவ்வோர் அணியும் களத்தின் இரு பாதிகளிலும் குறைந்தது மூன்று பேரையாவது எப்போதும் நிறுத்த வேண்டும். எனவே 2023-இல் கிளென் செய்ததைப் போல எல்லோரும் ஒரே முனையில் திரள்வதும், குரோக்ஸ் செய்ததைப் போல எல்லோரும் கோல் முன் வந்து தடுப்பதும் இன்றைய ஆட்டத்தில் காண முடியாதவை. களத்தின் எந்தப் பாதியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அலுவலர்கள் இப்போது ஆட்டம் முழுவதும் கவனிக்க வேண்டியிருக்கிறது.